நான் தொலைக்காத சாவி

"செவ்வாய், காலை பத்து மணி. துப்பாக்கிப் பூட்டின் சாவியைக் காணவில்லை." என் டைரியில் உள்ள இந்தக் குறிப்பு பொய். மழையளவு முதல் மாடு ஈன்ற நேரம் வரை சரிபார்த்தே எழுதுகிறவள் நான். தெரிந்தே எழுதிய பொய் இது ஒன்றுதான். திருத்தப்போவதில்லை.

ஆயக்குடியில் எங்கள் கொய்யாத் தோப்புக்குப் பன்றி வரும் என்று கணவர் லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருந்தார். அன்று கிணற்றுத் தண்ணீருக்காக நடந்த சண்டையில் கொழுந்தனார் அவரை அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் நேராகத் துப்பாக்கியை எடுத்தார். அதன் விசையைப் பூட்டியிருந்த சிறு பூட்டின் சாவியை, சண்டைச் செய்தி கேட்டதுமே என் பர்ஸில் ஒளித்திருந்தேன்.

சாவியைக் காணவில்லை என்றேன். அவர் விடவில்லை. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, திண்டுக்கல்லில் உள்ள ஒரு பூட்டுக்கடைக்குக் காரை விரட்டினார். நானும் ஏறிக்கொண்டேன்.

கடைக்காரர் பூட்டைப் பார்க்கவில்லை. அடிபட்டு வீங்கியிருந்த கணவரின் முகத்தைத்தான் பார்த்தார்.

"சாவி போட்டுரலாம்ண்ணே. இன்னைக்கு முடியாது. கோவம் ஆறட்டும், அப்புறம் வாங்க."

"ஏனுங்க, நீங்க பூட்டுக்காரரா, டாக்டரா?"

"இந்தப் பூட்டுக்கு ரெண்டுந்தாண்ணே. செத்த நேரம் உக்காருங்க, டீ சொல்றேன்."

கணவர் உட்கார்ந்தார். டீயைத் தொடாமல் ஆறவிட்டார். பிறகு அழுதார்.

அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். "சும்மா மிரட்டத்தான் எடுத்தேன்" என்கிறார் கணவர். அது உண்மையா என்று இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. உறுதிசெய்வதற்காகச் சாவியைக் கொடுக்கப்போவதுமில்லை.