சர்க்கரையில் முதல் மார்க்

எங்கள் தெருவில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு ஒன்று உண்டென்றால் அது பூட்டிக் கிடக்கிற வீடாகத்தான் இருக்கும். ஆனால் சுகாதார நிலையத்து நோட்டைப் புரட்டினால் எங்களைப் போல ஆரோக்கியமான தெரு கிடையாது. நாங்கள் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள்.

மாதம் ஒருமுறை, விடிந்ததும், சுகாதார நிலையத்திலிருந்து சுகர் பார்க்கிற அம்மா ஷேர் ஆட்டோவில் மெஷினோடு வந்து இறங்குவார். வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்போம். விரலில் குத்தி, வருகிற எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுவார். அந்தச் சத்தம்தான் வினை. நூற்றுப்பத்து வாங்கியவர் நூற்றெண்பது வாங்கியவரை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், பிள்ளை பெயிலான வீட்டைப் பார்ப்பது போல. மானம் போய்விடும். அதனால் மூன்று நாள் முன்பே எதிர்வீட்டுப் பருத்தி வியாபாரி குரல் கொடுத்துவிடுவார்.

"சார், வெள்ளிக்கிழம அந்தம்மா வாராக. வாயக் கட்டுங்க!"

அவ்வளவுதான். தெரு முழுக்கக் கேப்பைக்களி, பாகற்காய், வெந்தயத் தண்ணீர். பரீட்சை முடிந்த சாயங்காலம் எங்களை அருப்புக்கோட்டை பரோட்டாக் கடைகளில் பார்க்கலாம்.

நான் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் அறிவியல் நடத்தியவன். விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளை அதற்குத் தோதாகத் திருத்திய பையன்களின் ரெக்கார்டு நோட்டை ஜன்னல் வழியாக வீசியிருக்கிறேன். தெருவில் முதல் மார்க் யாருக்கு என்கிறீர்கள்? எனக்குத்தான். மற்றவர்கள் மூன்று நாள் வாயைக் கட்டினால் நான் ஐந்து நாள் கட்டினேன்.

"ஏங்க, மாசம் பூரா இப்பிடியே இருந்தா என்னங்க?" என்றாள் மனைவி.

அவளுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து மாதம் நோட்டில் தங்கமான எண்களைப் பார்த்த டாக்டர், என் மாத்திரைகளில் ஒன்றைக் குறைத்தார். அந்தச் சீட்டைத் தெரு முழுக்கக் காட்டினேன். குறைத்தது என் பொய்யை நம்பி என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு புதுச் செருப்பு காலைக் கடித்தது. பெருவிரலை அடுத்த விரலில் சின்னப் புண். ஆறவில்லை. அடுத்த பரீட்சையன்று அந்த அம்மா குனிந்து அதைப் பார்த்தார்.

"சுகரு நூத்தியெட்டுதான் காட்டுது. புண்ணு மட்டும் ஏன் சார் ஆற மாட்டேங்குது?"

"மெஷினு பழசோ என்னமோம்மா" என்றேன், கூசாமல். அவர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பத்து நாளில் விரல் நுனி கறுத்துவிட்டது. பயத்தில் வாயைக் கட்ட நேரமில்லாமல் சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். முந்நூற்று நாற்பது. டாக்டர் உடனே மதுரைக்குச் சீட்டு எழுதினார். அங்கே விரலில் பாதியை எடுத்தது பிறகு நடந்த கதை. அன்றைக்குச் சீட்டு எழுதின கையோடு டாக்டர் நோட்டை விரித்து, அந்த அம்மாவைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே காய்ச்சினார்.

"பார்த்துதான் எழுதுறீங்களா, வாய்க்கு வந்ததை எழுதுறீங்களா? இந்த நோட்டை நம்பித்தானே நான் மாத்திரையைக் குறைச்சேன்!"

அந்த அம்மா நோட்டில் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் படித்தேன். அதில் படிக்க அதிகம் இல்லை. பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, ஐந்து நாள் களியையும் ஆறாம் நாள் பரோட்டாவையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு கையையும் என் முன்னால் விரித்தார். பத்து விரல் நுனியிலும் ஊசி குத்தின புள்ளிகள்.

"மெஷினுதான் தப்பாக் காட்டுதோன்னு பயந்து, பத்து நாளா வேற மெஷினையும் இதையும் வச்சு என் கையிலயே குத்திக் குத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார். ஒங்களச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்ல."