கோட்டை இல்லாத கோட்டைமேடு

நான்காம் வகுப்பில், நம் ஊரில் உள்ள ஒரு பழைய இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். கோட்டைமேட்டைப் பற்றி எழுது என்றவள் அம்மாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீளமேட்டில் பஸ் ஏறினோம். டவுன்ஹாலுக்குத் துணி எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாள். வாரம் ஆறு நாளும் மில்லில் நின்றே வேலை பார்ப்பவள், ஏழாம் நாளும் வெயிலில் நடக்கிறாளே என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது மதில்சுவரும் பீரங்கியும்.

சந்துக்குள் சந்தாகப் போய்க்கொண்டே இருந்தது. தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள், அத்தர் வாசனை, தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வருகிறவர்கள், நடுவில் ஒரு ஈஸ்வரன் கோயில். கோட்டையை மட்டும் காணோம். கால் வலி தாங்காமல், பழவண்டிக்காரர் ஒருவரிடம் நானே கேட்டுவிட்டேன்.

"அதைய வெள்ளைக்காரன் அப்பவே இடிச்சுப்போட்டான் கண்ணு. நீ நிக்கறயே, இதுதான் கோட்டை."

எனக்கு அழுகை வந்தது. அம்மா யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் யோசிக்காமல் திரும்பினாள். ஒரு நீலக் கதவைத் தட்டியதும் அவள் வயதே இருக்கும் ஒரு பெண் திறந்தாள்.

"இவ எங்கூட அஞ்சு வருசம் ஒரே பெஞ்சுல படிச்சவ. பாதி நாள் இந்த ஊட்டுலதான் எனக்குச் சோறு" என்று என்னிடம் சொன்ன அம்மா, அவளைப் பார்த்து, "உங்கம்மா போயிட்டாங்கன்னு இப்பத்தான்டி கேள்விப்பட்டேன்" என்றாள்.

அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு, "வாங்க. உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.

நன்னாரி சர்பத் வந்தது. நான் குடித்தேன், அம்மா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கலவரத்துக்கு அப்பறம் எங்கப்பா என்னைய இந்தப் பக்கமே வர உடலை. கல்யாணத்துக்குப் பின்னாடியாச்சும் நான் வந்திருக்கோணும். வரலை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவங்கவங்களுக்கு ஆயிரம் சோலி. எங்கம்மாதான் கடைசி வரைக்கும் உங்களைக் கேட்டுட்டே இருந்தாங்க."

"என்னைய ஏன்டி வாங்க போங்கங்கற?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"எத்தனை மரியாதைம்மா அவங்களுக்கு! ஒருவாட்டிகூட உன்னைய நீன்னு சொல்லலையே" என்றேன்.

"ஆமா கண்ணு. ரொம்ப மரியாதை." கண்ணைத் திறக்கவில்லை.

நல்ல பழக்கமாகத்தான் இருக்கிறது என்று, மறுநாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழியிடம், "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிப்பார்த்தேன். அவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். "நான் உன்னைய என்ன பண்ணுனேன்?" என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.