வாசிப்பு நாயும் என் அண்ணனும்

எங்கள் நூலகத்துக்குப் புதன்கிழமைதோறும் ஒரு நாய் வரும். ஃபின்லாந்தில் அதற்கு லுக்குக்கொய்ரா என்று பெயர், வாசிப்பு நாய். படிக்கத் திணறும் பிள்ளைகள் அதன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள். அது கேட்கும், சில சமயம் தூங்கும். என் மகள் கயல் படித்துக் காட்டும் அந்த நாயின் பெயர் ஹெல்மி.

கயலுக்கு எழுத்துகள் சட்டென்று பிடிபடாது. யாராவது திருத்தினால் புத்தகத்தை மூடிவிடுவாள். அப்படி மூடி மூடி, வாய்விட்டுப் படிப்பதையே விட்டிருந்தாள். பள்ளியின் உளவியலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். எத்தனை மணி நேரம் டியூஷன் வைக்கலாம் என்று நான் கேட்டேன். அவர் நாயைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நம்மை நக்கல் செய்கிறார் போலும் என்று, "அந்த நாய் என்ன படித்திருக்கிறது?" என்று நானும் குத்தலாகக் கேட்டேன். முறையாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது என்றார், முகம் மாறாமல். "யாருடைய தப்பையும் அது திருத்தாது. அதுதான் அதன் தகுதி."

நெய்வேலிக்கு ஃபோன் போட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"அந்த நாயி பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?" என்றார்.

அண்ணனுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. ஓடுகிற பெல்ட்டில் ஏதோ ஓர் உருளை வேறு மாதிரிச் சத்தம் போட்டால் அவர் காது பொறுக்காது. நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. வீட்டுக்கும் அதே காதோடுதான் வருவார். அண்ணி தாளிக்கும் சத்தத்தை வைத்தே எண்ணெய் காயவில்லை என்பார். வடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஃபோனில் யாருக்கோ வழி சொன்னால் அதையும் திருத்துவார். எங்கள் டவுன்ஷிப்பில் இதற்குப் பெயர் வம்பு இல்லை, பாசம். நான் அந்தப் பாசத்தில் வளர்ந்தவள் என்பதால்தான் கோடை விடுமுறைக்குக் கயலை நெய்வேலிக்கு அழைத்துப்போக நடுங்கினேன். ஹெல்மியின் பக்கத்தில் அவள் மறுபடி வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியிருந்தாள். ஹெல்மி சிறுகச் சிறுகச் சேர்த்த அந்தத் தைரியத்தை அண்ணன் ஒரே நாளில் கரைத்துவிடுவார்.

அண்ணனின் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் சட்டம் போட்டேன்: அவள் படிக்கும்போது ஒருவரும் திருத்தக் கூடாது. அடுத்து, கேட்பதற்கு ஒரு நாய் வேண்டுமே. பிளாக்கில் சுற்றும் செவலை நாயை அண்ணி பிஸ்கட் காட்டிக் கூட்டிவந்தார். பிஸ்கட் தீர்ந்ததும் அது கிளம்பிவிட்டது. முதல் பக்கம்கூட முடியவில்லை. கயல் புத்தகத்தை மூடப்போனாள்.

"இரு கண்ணு, நானே நாயா ஒக்காந்துகினு கேக்குறேன்," என்று அண்ணன் லுங்கியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"திருத்தக் கூடாதுண்ணா," என்றேன்.

"எனக்கு அந்த பாஷையே தெரியாதும்மா. எப்புடித் திருத்துவேன்?"

நியாயம்தான், நிம்மதியானேன். கயல் விரல் வைத்து ஃபின்னிஷில் படித்தாள். அவர் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி சுருங்கியது. மேல் வரியில் ஒரு மாதிரி படித்த சொல்லைக் கீழ் வரியில் வேறு மாதிரி படித்துவிட்டாள். தெரியாத பாஷையிலும் அந்தக் காது சத்தத்தைப் பிடித்துவிட்டது. சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் தோள் துண்டைக் கடித்தார். பிறகு குரைத்தார்.

"லொள்."

எனக்கு உயிரே போய்விட்டது. கயல் அவரை உற்றுப் பார்த்தாள். புத்தகத்தை மூடவில்லை. மேல் வரியைப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லைச் சரியாகப் படித்து, "இப்ப?" என்றாள். நாய் பேசக் கூடாதே. அண்ணன் வாலுக்குப் பதில் இடுப்பை ஆட்டினார். அண்ணிக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது. அன்றுமுதல் விடுமுறை முடியும்வரை, மாமா ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்துக்குக் கயல் புத்தகத்தோடு வாசலில் நின்றாள்.

ஃபின்லாந்து திரும்பிய பிறகு புதன்கிழமைகளில்தான் சிக்கல். ஹெல்மி கவனிப்பதே இல்லை என்று கயல் புகார் சொல்லிவிட்டாள். எங்கள் நெய்வேலி நாய் தப்புக்குக் குரைக்கும் என்றாளாம். ஹெல்மியை வளர்க்கும் அம்மாள் ஆர்வமாக என்னிடம் வந்து, "அது என்ன இனம்?" என்றார். சுரங்க இனம் என்றேன். அப்படி ஓர் இனத்தைக் கேள்விப்பட்டதில்லையே என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கயலின் ஒரு முழங்காலில் ஹெல்மியின் தலை. மறு முழங்காலில் ஃபோன், ஃபோனில் அண்ணன். ஒன்று எதுவும் சொல்லாது, இன்னொன்று எதையும் விடாது. போன வாரம் நானும் அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டில் இத்தனை வருஷமாக நான் பேசும் தப்பு ஃபின்னிஷைக் கேட்டு எல்லோரும் புன்னகைக்கிறார்கள். ஒருவரும் திருத்தியதில்லை. மரியாதைதான், ஆனால் மனசு தனியாக நிற்கிறது. கயல் பக்கத்தைப் புரட்டும்போது ஃபோன் பக்கம் குனிந்து கேட்டேன்:

"அண்ணா, நானும் ஒரு வரி படிக்கட்டா?"