மாடி அக்கா கேட்ட கேள்வி

பொத்தேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிக்குக் கென்யாவிலிருந்து ஓர் அக்கா வந்தார். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இங்கே யாருக்கு வாடகை வீடு கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் ஆராய்ச்சியாம். அமெரிக்காவில் கறுப்பின அறிஞர்கள் இப்படி வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியவைதான் சமத்துவப் போராட்டத்துக்குக் கைகொடுத்தன என்று அப்பாவிடம் சொன்னார். பொழுது போகாதவர்கள் செய்யும் வேலை என்றார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அப்பாவிடமும் கேள்வி கேட்டார். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்ட எனக்குக் குட்டுதான் விழுந்தது. சொந்த ஊரில் எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் கோயில் தெரு என்று சொல்ல என்னைப் பழக்கியிருந்தார்கள். மாற்றிச் சொன்னால் வீடு போய்விடும் என்பார் அம்மா. நான் பார்த்தவரை ஊரில் எங்கள் தெருவில் கோயிலே கிடையாது.

ஒரு மாலை வீட்டுக்காரர் வந்தார். வாசலில் தெரு ஆட்கள் நின்றார்கள். அம்மா வழக்கம்போல் டீ கொடுத்தார். அம்மா கை டீ என்றால் அவருக்கு உயிர்.

"அந்தப் பொண்ணு வூடு வூடா போயி இன்னா ஜாதின்னு கேட்டுகினு கீது, சார். தெருவே பேஜாராப் பேசுது. காலி பண்ணச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வரும்," என்றார் அப்பாவிடம்.

அக்கா இறங்கி வந்தார். அப்பா சொன்னதை அமைதியாகக் கேட்டார். இந்த வீட்டை இவர் யாருக்கெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கிறார், கேளுங்கள் என்றார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரிந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். வலித்தது, பயத்தில் சொல்லவில்லை.

அப்பா வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பரவாயில்லை, போய்விடுகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள் எனக் கூறிவிட்டு மாடிப்படிக்குத் திரும்பினார்.

ஆனால் அப்பா, அக்கா முதலில் கேட்ட கேள்வியைத்தான் வீட்டுக்காரரிடம் தமிழில் கேட்டார்.

வீட்டுக்காரர் சிரித்தார். "யாருக்கு? சேரி, காலனி ஆளுங்களுக்குத்தான் தர்றதில்ல. உங்களுக்குத் தெரியாததா சார்?"

"தந்திருக்கீங்களே," என்றார் அப்பா. "நாலு வருசமா கீழ்வீட்ல நாங்கதான இருக்கோம்."

வீட்டுக்காரர் டம்ளரைத் திண்ணை மேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்றவர்களும் நகர்ந்தார்கள்.

அடுத்த மாதம் இரண்டு வீட்டுச் சாமான்களும் ஒரே வண்டியில் ஏறின. வண்டியில் அக்கா மடியில் உட்கார்ந்தபடி நான் அந்த டம்ளரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி டீ அப்படியே இருந்தது. அம்மா சர்க்கரை போட மறந்திருப்பார், அதனால்தான் எங்களுக்கு வீடு போயிற்று என்று நினைத்தேன்.