படையலில் இருந்த சப்பாத்து

பவானி என்ற பெண் தமிழில் சொன்ன உண்மையை நான் டெனிஷ் மொழியில் பொய்யாக்கினேன். அதனால் அவளுடைய வேலை போனது. என்னுடையது போகவில்லை, ஓய்வுபெற்ற அன்று எனக்காகக் கேக் வெட்டினார்கள். மேடைத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்வதற்கு இருப்பது இது ஒன்றுதான்.

1. மெக்சிக்கோ நிபுணர்

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் நான். ஓகூஸ் நகரில் ஓர் அரங்கில் முப்பது வருடம் ‘ரெக்விசிட்டர்’ ஆக இருந்தேன். மேடையில் வைக்கப்படும், கையில் எடுக்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பாளன். ஒத்திகைக்கு முன்னும் பின்னும் பட்டியலைப் பார்த்துச் சரி அடையாளம் போட வேண்டும். நான் சரி போட்டதை வேறு யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

என் கடைசி வருடங்களில் ஒரு புதிய படைப்பு வந்தது. முதற்பாதி ஒபெரா, பிற்பாதி பலே. பிள்ளைகளை ஆற்றில் பறிகொடுத்து, இன்றும் கரையோரம் அழுதபடி திரிவதாக மெக்சிக்கோ மக்கள் சொல்லும் ஒரு பெண்ணின் கதை. ஸ்பானியர் வந்திறங்கிய வரலாறும் அதற்குள் வரும். உருவாக்கியவர் ஹிமேனா, அந்த நாட்டு நடன அமைப்பாளர்.

ஆறடி உயரமும் பொன்னிறத் தலையுமாக எங்கள் பாடகர் குழு, மெக்சிக்கோவின் பழங்குடிகளான அஸ்தெக் மக்களாகி நின்று பாடியது. தயாரிப்புப் பொறுப்பாளர் ஹென்ரிக்குக்கு லேசான சந்தேகம் வந்தது. என்னிடம் கேட்டார், “சிவா, நீ வெயில் நாட்டுக்காரன்தானே. இது சரியாக இருக்கிறதா?”

மெக்சிக்கோவை நான் கண்டது அட்லஸில் மட்டும். இருந்தும் கருத்துச் சொன்னேன். கேட்டால் சொல்லாமல் இருக்க ஆசிரியர்களால் முடியாது.

பலே பகுதியில் மேடை நடுவே இறந்தவர்களுக்கான படையல் வரும். செவ்வந்தி மாலை, அடுப்பில் சுட்ட பாண், பழம், உப்பு, தண்ணீர். இதைக் கட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் மாலை கட்டுவதை ஹிமேனா பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கட்டடத்தில் தன் இறந்தவர்களை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் நான்தான் என்றார். அது எனக்குத் தலைக்கேறியது.

2. பாணுக்குப் பக்கத்தில்

பிறகு அவர் ஒரு சோடி சப்பாத்தைக் கொண்டுவந்தார். கறுப்புத் தோல், அடியில் ஆணி அடித்தது. விபத்தில் இறந்த தன் தம்பியுடையது என்றார். தம்பியும் நடனக்காரன். கடைசிக் காட்சியில் நடனக்காரர் அதைப் படையலில் இருந்து எடுத்து, போட்டுக்கொண்டு, தரையை உதைத்து ஆடுவார். அழுகிற பெண்ணின் பாட்டுக்கு அந்த ஆணிச் சத்தம்தான் பதில். முழுப் படைப்பும் அதை நோக்கித்தான் போனது.

அதை அவர் பாணுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்குக் கை கூசியது. படையலில் சப்பாத்தா? கடவுளை நம்புவதில்லை என்று பலரிடம் சொல்லித் திரிந்தவன் நான். அன்றைக்கு அது உதவவில்லை. ஒவ்வொரு மாலையும் பட்டியலில் சரி போட்ட பிறகு சப்பாத்தை இறக்கிக் கீழ்ப்படியில் வைப்பேன். காலையில் ஹிமேனா திரும்ப ஏற்றி வைப்பார்.

முழு ஒத்திகைக்கு முந்தைய நாள் உண்மையான பாணும் பழமும் அடுக்கினோம். அன்று கீழ்ப்படியும் எனக்குப் போதவில்லை. ‘சப்பாத்து, படையலில்’ என்ற வரிக்குச் சரி போட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய்ப் பின் கதவடியில், என் மழைச் சப்பாத்து கழற்றும் இடத்தில், ஒழுங்காகச் சோடியாக வைத்தேன். காலையில் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. பக்கத்தில் குப்பைப் பைகள் இருந்தன.

துப்புரவு வேலைக்கு விடியவே வரும் பவானி பைகளோடு சேர்த்து அதையும் போட்டாள். நான் வருவதற்குள் குப்பை லொறி வந்து போய்விட்டது.

3. மொழிபெயர்ப்பாளர்

பவானி கல்யாணம் முடித்து வந்து அதிக காலம் ஆகவில்லை. டெனிஷ் வராது. ஹென்ரிக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார். மேசையில் நான் சரி போட்ட பட்டியல் கிடந்தது. அதன்படி சப்பாத்து இரவு படையலில் இருந்தது, அங்கிருந்து எடுத்தது பவானியாகத்தான் இருக்க வேண்டும். ஹிமேனா யன்னலோரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

பவானி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணை, நான் மேடைக்கு ஏறவே இல்லை. அது பின் கதவடியில, குப்பைப் பையளுக்குப் பக்கத்திலதான் கிடந்தது. ஆரோ எறியத்தான் வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன். அப்பிடியே சொல்லுங்கோ.”

நான் ஹென்ரிக்கிடம் சொன்னேன்: “ஹுன் ஹுஸ்க டே இக்க.” அவளுக்கு அது ஞாபகம் இல்லை என்று அர்த்தம்.

பவானி என் முகத்தைப் பார்த்தாள். “நான் சொன்னது நீளமல்லோ அண்ணை. நீங்கள் கெதியா முடிச்சிட்டியள்.”

டெனிஷ் மொழி சுருக்கமானது என்றேன்.

துப்புரவு நிறுவனம் அவளை நிறுத்தியது. நிரந்தர வதிவிட அனுமதிக்குப் போதிய காலம் வேலை செய்திருக்க வேண்டும். அந்தக் கணக்கும் அவளுக்கு அறுந்தது. அறுத்தது என் நான்கு சொற்கள்.

அரங்கேற்ற இரவில், ஆணிச் சத்தம் வர வேண்டிய இடத்தில், நடனக்காரர் வெறுங்காலோடு, சத்தமில்லாமல் ஆடினார். படையலில் பாணுக்குப் பக்கத்தில் வெற்றிடம். மறுநாள் ஒரு விமர்சகர் அந்த வெற்றிடத்தைப் படைப்பின் துணிச்சலான கற்பனை என்று எழுதினார். ஹென்ரிக் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார். ஹிமேனா அதை வாசிக்கவில்லை.

4. திரும்பச் சொன்னது

என் பிரியாவிடையில் ஹென்ரிக், முப்பது வருடத்தில் சிவா போட்ட ஒரு சரிகூடப் பிழையானதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கேக் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமையே விபோர்க் நகருக்குப் போனேன். பவானி அங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளுக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டு, தயார்செய்து வைத்த வசனங்களைச் சொல்லத் தொடங்கினேன்.

“தெரியும் அண்ணை,” என்றாள். “ஹுன் ஹுஸ்க டே இக்க. விளங்காமலே பாடமாக்கி வைச்சிருந்தனான். மொழி வகுப்பில ரெண்டாம் மாசம் விளங்கிட்டுது.”

இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீங்களா வருவியளோ எண்டு பாத்தன்.”

அவளுக்கு மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. அதே அறையில், அதே ஆளுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்றாள். “நீங்கள் தமிழில சொல்லுங்கோ. நான் டெனிஷில சொல்லுறன்.”

ஹிமேனாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வந்தது, ஒரே வரி: ‘கீழ்ப்படியில் வைத்தது நீங்கள் என்று தெரியும், ஏனென்று ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம்.’ மன்னித்ததாக அதில் இல்லை. துப்புரவு நிறுவனம் பவானியின் வேலைப் பதிவைத் திருத்திக் கடிதம் அனுப்பியது. போன காலத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. வதிவிட அனுமதிக்கு இன்னும் காத்திருக்கிறாள்.

இவையெல்லாம் பிறகு நடந்தவை. அந்த அறைக்கு நாங்கள் இருவரும் போன அன்று ஹென்ரிக் எங்களுக்குக் கோப்பி ஊற்றினார். நான் தமிழில் சொன்னேன். பட்டியல், பின் கதவு, சப்பாத்து, பொய். சுருக்கமாகத்தான் சொன்னேன். பவானி கைகளை மேசையில் வைத்துக்கொண்டு தெளிவான டெனிஷில் சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே போனாள். ஹென்ரிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அவள் முடித்ததும், நான் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லையே என்று மெல்லக் கேட்டேன்.

“நீங்கள் விட்டதையும் சேர்த்துச் சொன்னனான் அண்ணை,” என்றாள் பவானி.