நாமக்கல்லில் மூன்று பேரும் ஒரு கம்ப்யூட்டரும்

புரோகிராம் எழுதும் தொழிலில் நாம் செய்த தப்பு உடனே திரையில் தெரிந்துவிடும். சரியாகச் செய்தது யார் கண்ணிலும் படாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் பிற்பாதியில், நாமக்கல்லில் ஒரு டயர் கடை மாடியில் மூன்று பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பித்தோம். கணக்கில் பட்டம் வாங்கிய நான், லாரிப் பட்டறைக்காரர் மகன் பழனிச்சாமி, அவருடைய அத்தை மகன் செல்வராசு. மூவருக்கும் புரோகிராம் எழுதத் தெரியாது. ஒரே மெஷின், ஒரே இங்கிலீஷ் புத்தகம். முறை வைத்துப் படித்தோம், முறை வைத்து உட்கார்ந்தோம்.

கோழிக்குச் சாப்பாடு

முதலில் எங்களை நம்பி வந்தவர் கோழிப்பண்ணை முத்துசாமி. குறைந்த செலவில், சத்துக் குறையாமல் தீவனம் கலக்க வழி கேட்டார். ராப்பகலாக அதே நினைப்பாக இருந்து நான் எழுதினேன். மெஷின் யோசித்து, மக்காச்சோளமே வேண்டாம், தவிடும் கருவாட்டுத்தூளும் போதும் என்றது. சத்துக் கணக்கு சரி, விலையும் குறைவு. பெருமையோடு நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “ஏனுங்க அம்மிணி, இதைக் கோழி திங்குமான்னு கேட்டீங்களா?” என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே அவர் பண்ணைக்குப் போனேன். எதை எவ்வளவுக்கு மேல் போடக்கூடாது, எது குறைந்தால் முட்டை ஓடு மெலியும் என்று அவரும் வேலையாட்களும் சொல்லச் சொல்லக் கேட்டேன். அதற்குப் பிறகு திருப்பி எழுதினேன். அந்தக் கலவையைச் சில வாரம் போட்டுப் பார்த்துவிட்டு அவரே மாடியேறி வந்து சொன்னார்:

“இப்பத்தானுங்க உங்க பொட்டிக்குக் கோழின்னா என்னன்னு தெரிஞ்சிருக்குது.”

ஆத்தூரில் கரண்டு போனது

ஒரு தடவை காலையெல்லாம் தட்டி ஏற்றிய கணக்கை ஒரு மின்வெட்டு விழுங்கிவிட்டது. அழுகையே வந்தது. அன்றிலிருந்து என் புரோகிராம்கள் ஒவ்வொரு வரி முடிந்ததும் அதைப் பிளாப்பித் தட்டில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் அடுத்த வரி கேட்கும். “ஆமை வேகம்” என்று செல்வராசு கேலி செய்வார்.

ஆத்தூர் ஜவ்வரிசி மில்லுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்து காட்டினோம். முதலாளி, அவர் தம்பி, மேஸ்திரி எல்லோரும் சுற்றி நிற்க, மூட்டை வரவுக் கணக்கை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்டு போயிற்று. திரை கறுத்ததும் முதலாளி எழுந்துவிட்டார். செல்வராசு என்னைப் பார்த்த பார்வையில் இந்த ஆர்டர் போயிற்று என்பது தெரிந்தது. “கொஞ்சம் உக்காருங்க, கரண்டு வரட்டும்” என்றேன். கரண்டு வந்ததும் போட்டுக் காட்டினேன். ஏற்றியது எல்லாம் அப்படியே இருந்தது. முதலாளி தம்பியிடம் திரும்பினார்:

“கரண்டு போனா நம்ம மில்லே நின்னு போவுது, இந்தப் பொண்ணு எழுதுனது நிக்கலடா.”

நான் இல்லாத நாட்கள்

புரோகிராமில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, இது எதற்கு, ஏன் இப்படி என்று குறிப்பு எழுதுவது என் பழக்கம். மற்றவர்கள் எழுதியதைப் படிக்க முடியாமல் தவித்ததில் வந்தது அது. “கோமதி கதை எழுதறாங்க” என்பார் பழனிச்சாமி.

எனக்கு அம்மை போட்டது. வீட்டை விட்டு வரக்கூடாது, யாரும் வந்து பார்க்கவும் கூடாது. அந்தச் சமயம் பார்த்து ஆத்தூர்க்காரர்கள் எங்களிடம் வாங்கிய புரோகிராமில் ஒரு மாற்றம் கேட்டார்கள். உடனே வேண்டும் என்றார்கள். படுக்கையில் கிடந்து நான் பட்ட கவலை கொஞ்சமல்ல. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அலுவலகம் போன முதல் நாள், வேலை எப்போதோ முடிந்திருந்தது. மில்லில் ஒரு குறையும் சொல்லவில்லையாம். பழனிச்சாமி திரையில் இருந்த என் குறிப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

“நீங்க இல்லாமயே உங்ககிட்டக் கேட்டுக்கிட்டனுங்க.”

மனுஷர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், மெஷினோடு போகும் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மெஷின் கற்றுக்கொடுத்ததோ கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மனுஷர்கள் கற்றுக்கொடுத்தது.