இறங்காத கைகள்

2023 மார்ச், ஸ்பிரிங் பிரேக் விடுமுறை முடிந்த அடுத்த ஞாயிறு பிற்பகல். டெக்சஸில் நாங்கள் வசிக்கும் கேட்டி நகரில், ஒரு பள்ளி அரங்கில் சிறுவர் இசைக்குழுவின் நிகழ்ச்சி. என் மகள் அதில் செல்லோ வாசிக்கிறாள்.

குழுவை நடத்துபவர் எண்பதை நெருங்கும் அமெரிக்க இசையமைப்பாளர். தன் சிம்பொனிகளைப் பல நகரங்களில் தானே நின்று நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருந்தார். அன்று அரங்கேறிய அவருடைய புதுப் படைப்பின் நடுவே ஒரு மௌனம் வரும். இரு கைகளையும் உயர்த்திப் பிடிப்பார். அவை இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது. மகளைக் காரில் அழைத்துப் போய் எல்லா ஒத்திகைகளிலும் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் அது மனப்பாடம்.

கைகள் உயர்ந்தன. அரங்கம் அடங்கியது. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

சபாக்களில் கச்சேரி கேட்டு வளர்ந்த பழக்கம், என் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மௌனம் முடிய வேண்டிய தட்டு வந்தது, போனது. கைகள் இறங்கவில்லை. வில்லைத் தூக்கிய பிள்ளைகள் பொம்மைகளைப்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ சரியில்ல" என்றேன் மனைவியிடம்.

"மாடர்ன் மியூசிக்னா இப்படித்தான் இருக்கும். சும்மா உக்காருங்க, மானத்த வாங்காதீங்க."

எழுந்து மேடைக்கு ஓடினேன். "சிட் டவுன், சார்!" என்று யாரோ அதட்டினார். இசையமைப்பாளரின் தோளைத் தொட்டேன். மரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. உயர்ந்த கைகளோடு அப்படியே என்மேல் சரிந்தார்.

அரங்கில் இருந்த டாக்டர் அம்மா ஒருவர் ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மூளையில் ரத்தக் கசிவு, அதில் உடல் விறைத்துவிட்டது என்றார்கள்.

வீடு திரும்பும்போது மகள் சொன்னாள்: "அப்பா, ஹி வாஸ் ஸ்மைலிங் அட் அஸ். ஒன்லி ஒன் சைட் ஆஃப் ஹிஸ் ஃபேஸ்."

அவர் பிழைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்துப் பார்க்கப் போனோம். மகளின் கையைப் பிடித்து, தட்டுத்தடுமாறிச் சொன்னார்: "கடைசிப் பகுதியை இவ்வளவு அழகாக நீங்கள் வாசித்ததே இல்லை."

அன்று கடைசிப் பகுதியை யாருமே வாசிக்கவில்லை. மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரிடம், "தேங்க் யூ" என்றாள்.

அவருக்கு மட்டும் கேட்ட அந்த இசையை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது. ஊரே ரசித்து அமைதியாக இருக்கும் இடத்தில், நடுவில் நிற்பவரின் முகத்தை ஒருமுறை அருகில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றே இப்போதெல்லாம் தோன்றுகிறது.